மச்சானின் வெண்கலச் சாடி

றெமிஜியஸ் தமது வெண்கலச் சாடியைச் சட்டைக் கையால்தான் துடைக்கிறார். துணி நீட்டினால் வாங்குவதில்லை. மூவிதழ்ப் பூப்போல் மடிந்த வாய், ஒடுங்கிய கழுத்து, வளைந்த கைப்பிடியின் அடியில், திராட்சைக் கொடி சூடிச் சிரிக்கும் மதுத் தேவனின் முகம். அந்த முகத்துக்கு மட்டும் பெருவிரலால் இன்னொரு தேய்ப்பு.

அவர் என் மனைவி யூஜினியின் தமையன். ரூஜ் என்ற புறநகர்ப் பகுதியில் வீடு விற்றுக்கொடுக்கும் முகவர். பஸ் தரிப்பிடங்களில் சனம் குந்தும் வாங்குகளின் விளம்பரங்களில் அவருடைய சிரிப்பும் அச்சாகியிருக்கிறது. இத்தாலியில் வாங்கிய அந்தச் சாடி, பழைய உரோமானியச் சாடியொன்றின் நகல். குடும்ப ஆவணங்களைப் பேணுபவன் என்ற முறையில் இதனை ஒவ்வொரு விருந்திலும் தெளிவுபடுத்துகிறேன். பயனில்லை.

"ஓம், ஒரிஜினல் மியூசியத்திலைதான்," என்று அவரே ஒப்புக்கொள்கிறார். "ஆனால் அதாலை ஆருக்கும் ஊத்தேலாதே, மச்சான்!"

மேசையே குலுங்கிச் சிரிக்கிறது. நான் தேடியெடுத்த ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்த்து எவரும் இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

வைனில் வெந்நீர் கலந்தே பரிமாறுவார். கலக்காமல் குடிப்பவனை உரோமர் நாகரிகமற்றவன் என்று எண்ணினார்களாம்.

"அண்ணை, உது வைனோ, ரசமோ?" என்பார் அயலவர் பஸ்ரியன்.

"ரசமெண்டு நினைச்சுக் குடி. சளி தடிமனுக்கும் நல்லது. உரோமர் பெரியாக்களுக்கு நல்ல வைன், சின்னாக்களுக்குக் கழிவு வைன் குடுத்தவங்கள். என்னட்டை எல்லாருக்கும் ஒரே தண்ணிதான்!"

உரோமர் போற்றிய ஆசன வரிசையையும் அவர் தலைகீழாக்குகிறார். கடைசிக் கதிரையில் தொடங்குவார். மேசையின் தலைப்பில் அமரும் எனக்கு எஞ்சுவது அடிமண்டி.

எங்கள் குடும்பத்தில், முதற்கிண்ணம் உயர்த்தி, இரு வீட்டு முன்னோர் பெயர்களையும் சொல்லி மணமக்களை வாழ்த்துவது என் உரிமை. சென்ற சனிக்கிழமை, அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டிலேயே, மகள் ஸ்டெபனிக்கு நிச்சயதார்த்தம். ஒரு பெயரும் பிசகாதபடி சரிபார்த்து வைத்திருந்தேன்.

"அப்பா, பிளீஸ், டோஸ்டை மாமா செய்யட்டும்," என்றாள் அவள், எல்லோர் முன்னிலையிலும். "நீங்கள் பேர் சொல்லி முடிக்கேக்கை சனம் ஃபோனுக்குள்ளை போயிடும்."

யூஜினிதான் உரக்கச் சிரித்தாள். றெமிஜியஸ் சாடியுடன் எழுந்தார். கடைசிக் கதிரையிலிருந்து ஒவ்வொரு கிளாசாக நிரப்பி வந்தார். தனக்கு ஊற்றியபோது ஸ்டெபனி அவருடைய தோளில் தலையைச் சாய்த்தாள். அந்தத் தலை என் தோளை மறந்து நெடுங்காலமாகிறது.

கடைசியாக என்னிடம் வந்தார்.

"மச்சான், வாழ்த்தை நீங்களே சொல்லுங்கோ. எனக்கு எங்கடை பூட்டன்ரை பேரே தெரியாது. அதுக்கு முதல் எனக்கு ஒருக்கால் ஊத்திவிடுங்கோ. இவ்வளவு காலமும் ஆரும் எனக்கு ஊத்தினதில்லை."

கூடம் முழுவதும் கைதட்டியது, அவருக்காக. அவரோ சாடியை மேசையில் வைத்து, அந்தச் சிரிக்கும் முகம் என்னைப் பார்க்கும்படி கைப்பிடியை என் பக்கம் திருப்பிவிட்டு, தமது வெறுங்கிளாசை இரு கைகளாலும் நீட்டினார்.