வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த கூடை

பேய், முனி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். அந்த நாளில் காஞ்சிபுரத்தில் எங்கே பகுத்தறிவுக் கூட்டம் நடந்தாலும் கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன், அறுவடை நேரமாக இருந்தாலும் சரி. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இப்போது சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள், நானாக இருந்தாலும் சிரிப்பேன். ஆனால் நடந்தது பட்டப்பகலில், உச்சி வெயிலில், பாலாற்று மணலில்.

எங்கள் ஊர் வாலாஜாபாத்துக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பது அபூர்வம், ஆனால் மணலுக்கு அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். மணலை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீளமாகத் தோண்டிக்கொண்டே போனால் ஊறி வரும், அதை அப்படியே வயலுக்குத் திருப்பிக்கொள்வோம். ஊற்றுக்கால் என்று பெயர். மழை வெள்ளத்தில் வருஷா வருஷம் தூர்ந்துபோகும், வருஷா வருஷம் வீட்டுக்கு ஓர் ஆள் போய் வெட்டவேண்டும். காஞ்சிபுரத்துக்கு அந்தப் பக்கமிருக்கும் கூரத்துச் செப்பேட்டிலேயே பாலாற்றில் கால் வெட்டிக்கொள்ளும் உரிமையைப் பற்றி இருக்கிறதாம், பல்லவர் காலத்து ஏற்பாடு என்பார்கள். நடு ஆற்றில் ஒரு கரும்பாறை உண்டு, எங்கள் கால் அதைச் சுற்றி வளைந்துதான் போகவேண்டும். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அப்படித்தான்.

அந்த வேலையில் மீறக்கூடாத கட்டுப்பாடு ஒன்று இருந்தது. மதியம் சாப்பாட்டுக்குக் கரையிலிருந்து குரல் கொடுப்பார்கள். முதல் ஆள் தனக்கு அடுத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும், அவன் பதில் சொல்லிவிட்டு அடுத்தவனைக் கூப்பிடவேண்டும், இப்படியே கடைசி ஆள் வரைக்கும் போகும். மணல் சரிந்தால் சத்தமே வராது, சும்மா உட்காரும், அதனால்தான். கீழே ஆளைத் தனியாக விட்டுவிட்டு எவனும் மேலே ஏறக்கூடாது.

அந்த வருஷம் கடைசி ஆள் ஏகாம்பரம், என் தங்கை வசந்தாவின் புருஷன். அவனுக்கு முந்தின ஆள் நான். எங்கள் இரண்டு பேருக்கும் ஆறேழு மாதமாகப் பேச்சு இல்லை. ஆடிக்கு அழைக்கப் போனபோது வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, "சாப்ட்டுட்டுப் போவச் சொல்லு" என்று வசந்தாவிடம் சொல்லி அனுப்பினான். வாசலில் மச்சான் நிற்கிறான், வெளியே வந்து முகம் காட்டவில்லை. எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். இப்போது நினைத்தால் அற்பமாக இருக்கிறது, அப்போது அப்படி இல்லை. கால் வெட்டுகிற நேரத்தில் வசந்தா ஏழு மாதக் கர்ப்பம்.

அவன் பாறைக்கு அந்தப் பக்கம், வளைவில். அங்கே இரண்டு பக்கமும் உயரம், மண்ணை வெளியே எறிய முடியாது. கூடையில் நிரப்பி வளைவு ஓரமாக நீட்டுவான், நான் வாங்கி என் பக்கத்துப் பள்ளமான கரையில் கொட்டிவிட்டு வெறுங்கூடையைத் திருப்பிக் கொடுப்பேன். காலையிலிருந்து இதுதான் வேலை, ஒரு தடவைகூட அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றே.

மதியக் குரல் வந்தது. எனக்கு முந்தின ஆள், "தணிகா, ஏறுப்பா" என்றான். "ஏறிட்டேன்" என்று பதில் சொன்னேன். அடுத்து நான் ஏகாம்பரத்தைக் கூப்பிடவேண்டும். வாய் வரைக்கும் வந்தது பெயர், விழுங்கிவிட்டேன். காது இருக்கிறதல்லவா, கேட்டிருக்கும், வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவனை விட்டுவிட்டு ஏறவும் முடியவில்லை, அதனால் சுவர் நிழலில் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைத்தேன்.

ஒரு பீடி முடிந்திருக்கும். வளைவு ஓரத்தில் கூடை நீண்டது. சரி, வீம்புக்கு வேலை செய்கிறான், நானும் சளைத்தவன் இல்லை என்று எழுந்து வாங்கிக் கொட்டினேன். மறுபடி கூடை, மறுபடி கொட்டினேன். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இருக்கும். காலையிலிருந்து வந்ததெல்லாம் சொட்டச் சொட்ட ஈர மணல், இப்போது வருவது காய்ந்து வெளுத்த மேல்மணல், அரைக் கூடைதான். கரை மேலிருக்கிற மணலை வாரிக் கொடுத்து என்னை வம்புக்கு இழுக்கிறான் என்று நினைத்தேன். பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில்தான் முதல்முதலாகக் கூடையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன்.

ஏகாம்பரத்தின் முன்கையில் சூலம் பச்சை குத்தியிருக்கும். அந்தக் கையில் இல்லை. அது மட்டும் என்றால் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். ஊற்றுக்காலில் இறங்கினால் வேர்வையோடு மணல் முழங்கை வரைக்கும் அப்பிக்கொள்ளும், யாராக இருந்தாலும். அந்தக் கையில் ஒரு மணல்கூட ஒட்டியிருக்கவில்லை.

கூடையைக் கீழே போட்டுவிட்டேன். "யாரு?" என்று கேட்டேனா, கேட்கவில்லையா, தெரியவில்லை. கை உள்ளே போகவில்லை. வெறுங்கூடை வரட்டும் என்று விரித்தபடியே நீண்டிருந்தது. எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்படியே திரும்பி ஓடினேன்.

கரையில் எல்லாரும் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கோவிந்தசாமி அண்ணன் என்னைப் பார்த்து, "இன்னாடா, நாய் தொரத்திச்சா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். என் பின்னால் யாரும் வராததைப் பார்த்துவிட்டு, "ஏகாம்பரம் எங்க? கூப்ட்டியா நீ?" என்று கேட்டார்.

"கூப்ட்டேன்" என்றேன். பயத்திலும் அந்தப் பொய் தயாராக இருந்தது.

"பதில் சொன்னானா?"

நான் பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் கூழ்ப் பானையை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார், எல்லாரும் ஓடினோம்.

வளைவில் ஒரு பக்கத்துச் சுவர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. ஏகாம்பரம் நின்றபடியே புதைந்திருந்தான், இரண்டு கையும் உள்ளே. வாய் மூடிவிட்டது, மூக்குத் துவாரத்துக்குக் கீழே மணல் இழைந்துகொண்டிருந்தது, கண் மட்டும் திறந்திருந்தது. மண்வெட்டி போடக்கூடாது என்று கையால் வாரினோம். நான் அழுதுகொண்டே வாரினேன், வசந்தாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பிழைத்துக்கொண்டான். மாட்டு வண்டியில் போட்டு வாலாஜாபாத், அங்கிருந்து காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி. விலா எலும்பு இரண்டு போயிருந்தது. நாங்கள் வண்டி கட்டும்போது கோவிந்தசாமி அண்ணன் நான் கொட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் காஞ்ச மண்ண இங்க எவன் கொட்டினது?" என்று கேட்டார். ஈர மணல் மேட்டின் மேல் வெள்ளையாகத் தனியாகத் தெரிந்தது. நான் குனிந்து நுகத்தடிக் கயிற்றை இறுக்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் வசந்தா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். கட்டிலில் படுத்திருந்தவன் தானாகவே பேசினான், ஆடிக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"கழுத்துக்கு மேல ஏறிச்சு மச்சான். என்னால கைய அசைக்க முடியல. அவரு பாட்டுக்கு என் மூஞ்சிகிட்ட வாரி வாரி உன்கிட்ட குடுத்துக்கினு இருந்தாரு, நீயும் வாங்கிக்கினு இருந்த. அப்புறம் ஏன் வாங்கல?"

"யாரு குடுத்தது, மாப்ள?" என்று மட்டும் கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "வாரும்போது குனிஞ்ச தல, குடுக்கும்போது முதுகு, அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சுது. எதிர்ல நின்னு வாங்கினவன் நீ. நீதான் சொல்லணும்."

அதற்குள் வசந்தா வந்துவிட்டாள். ஏகாம்பரம் இன்றைக்கும் நன்றாக இருக்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான், வாரத்தில் ஒருநாள் என் வீட்டில்தான் சாப்பாடு. அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை, ஆனால் சில சமயம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பான், நான் சொல்லுவேன் என்று. கொடுத்தவர் முகத்தை நான் பார்க்கவில்லை என்று சொன்னால், ஏன் பார்க்கவில்லை என்று கேட்பான். அது நீ என்று நினைத்துத்தான் பார்க்கவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?