மல்லாவிக்குப் போன பிரேக் ஷூக்கள்

வவுனியாவில் வாகன உதிரிப்பாகங்களை இறக்குமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் தரம் பார்ப்பது என் வேலை. வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வந்த ஓட்டோ பிரேக் ஷூக்களில், இரும்போடு ஒட்டியிருக்க வேண்டிய லைனர் கழன்று வருவதாக மல்லாவியிலிருந்து முறைப்பாடுகள் வந்தன. "பெட்டியோடு திருப்பி அனுப்புங்கள்" என்று கடைகளுக்கு அறிவித்தேன். வந்த ஆறு பெட்டிகளையும் பிரித்துப் பார்க்காமல் அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பினேன். "இவை நாங்கள் செய்தவையே அல்ல" என்று பதில் வந்தது. பெட்டியில் அவர்களுடைய தொகுதி எண் பளிச்சென்று இருந்ததே! கோபத்தில் இரண்டு நீண்ட மின்னஞ்சல்கள் எழுதிவிட்டு, போன செவ்வாய்க்கிழமை மல்லாவிக்கு நேரிலேயே புறப்பட்டேன்.

காலை 6.30க்கு யாழ்ப்பாண பஸ். 7.40க்கு மாங்குளம் சந்தி. மல்லாவி பஸ் அப்போதுதான் போயிருந்தது. சந்தியில் நின்ற யோகன் அண்ணையின் ஓட்டோவில் 1,800 ரூபாய் பேசி ஏறினேன். வழியில் மாடுகள் குறுக்கே வந்தபோது முன் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

"பயப்பிடாதேங்கோ பிள்ளை, பிரேக் புதுசு. போன கிழமைதான் மல்லாவியில மாத்தினனான். ஒண்டரைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையள் ஏழு பேரை ஏத்தவேணும்."

"ஏழு பேரோ?"

"சின்ன ஆக்கள்தானே," என்று சிரித்தார்.

அவர் பிரேக் ஷூ மாற்றிய கராஜும், முறைப்பாடு வந்ததால் நான் தேடிப் போன கராஜும் ஒன்றுதான். கராஜ்காரர் நசீர் நானா ஒரு ஓட்டோவுக்குப் பிரேக் மாற்றி முடித்துக்கொண்டிருந்தார். கழற்றிய பழைய ஷூவைத் துடைத்தார். புது ஷூ வந்த பெட்டிக்குள் வைத்து மூடினார். வாகனக்காரரிடம் நீட்டினார். அவரும் அதைப் பின் சீற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

"நானா, அது பழசெல்லோ?"

"ஓம் தங்கச்சி. பழசைக் காட்டாட்டி, 'மாத்தினனியோ, காசை மட்டும் எடுத்தனியோ' எண்டு கேப்பினம். பெட்டியில குடுத்தால் உடுப்பிலயும் ஊத்தை படாது."

"எல்லாருக்கும் இப்பிடியோ?"

"மல்லாவி முழுக்க இப்பிடித்தான்."

நான் கடல் கடந்து அனுப்பியவை வேறு யாரோ செய்த, தேய்ந்து முடிந்த ஷூக்கள். பெட்டியைக் கேட்டவள் நான்தான். பெட்டியில் இருந்ததைத்தான் தந்திருக்கிறார்கள்.

"அப்ப புதுசுகள்?"

"வேற எங்க, ரோட்டில ஓடுது."

யோகன் அண்ணை பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தன் ஓட்டோவின் பின் சீற்றுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்து வந்தார். அதே தொகுதி எண். பின் சக்கரத்தைக் கழற்றினார்கள். நசீர் நானா நகத்தால் தட்டியதும் லைனர் துண்டாக விழுந்தது.

"இதோடயோ வந்தனாங்கள்?" என்றார் யோகன் அண்ணை.

"என்ர கையாலதானே போட்டன்," என்றார் நசீர் நானா.

யோகன் அண்ணை ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்தார். "அக்கா, இண்டைக்கு ஓட்டோ வராது, நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ... இல்லையக்கா, பிள்ளையளுக்கு ஒண்டுமில்லை. ஒண்டுமே நடக்கேல்லை." கடைசி வசனத்தை ஏழு முறையும் சொன்னார். நான் மறுபக்கம் நின்று, விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கடைக்காரர்களோடு பேசினேன். தொழிற்சாலைக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரி மன்னிப்பாக இருக்கும். அதோடு யோகன் அண்ணையின் ஷூவும் போகும்.

என்னைப் போல முறைப்பாடு அனுப்புகிறவர்களுக்கு: பெட்டியை நம்பாதீர்கள். இரும்பில் பொறித்திருக்கும் அடையாளத்தைப் பாருங்கள். கண் முன்னால் சக்கரத்திலிருந்து கழற்றியதை மட்டும் அனுப்புங்கள்.

நசீர் நானா தான் மாற்றிய பதினான்கு ஓட்டோக்களை நினைவிலிருந்து சொன்னார். இதை எழுதும்போது பதினொன்று கழற்றியாகிவிட்டது. மூன்று பேர் இன்னும் போனை எடுக்கவில்லை. மல்லாவிப் பக்கம் போகிறவர்கள் ஓட்டோவில் ஏறுமுன், பின் சீற்றுக்கு அடியில் பிரேக் ஷூ வந்த புதுப் பெட்டி இருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். இருந்தால் ஏறாதீர்கள், அவரையும் ஓட விடாதீர்கள்.