கல்யாண ரோலின் வாலில் ஒரு முக்குளிப்பான்

போட்டோ பிடிக்கிறவன் பிழைப்பு "கொஞ்சம் சிரிங்க" என்ற இரண்டே வார்த்தையில் ஓடுகிறது. அந்த இரண்டையும் எந்தப் பறவையிடமும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. கழுத்தில் கேமராவும் காலில் அட்டையுமாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒரு காலைப்பொழுதைப் பறிகொடுத்தவர் உங்களில் யாராவது இருந்தால், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் புரியாது. என் மனைவிக்கே இன்றுவரை புரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஸ்டூடியோ வைத்தேன். முன்னால் பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு ஸ்டூல், பின்னால் இருட்டறை, இருட்டறைக்குள் ஏகாம்பரம். படம் கழுவுவது, பிரிண்ட் போடுவது, ஆல்பம் ஒட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு. அங்கிருந்து சைக்கிளில் கால் மணி நேரம் போனால் ஒரு தாங்கல். ஏரி என்று சொல்ல முடியாது, குட்டை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஐப்பசி மழையில் நிரம்பும், பங்குனியில் சேறாகிவிடும்.

அங்கே ஒரு மார்கழிக் காலையில், கையில் கேமரா இல்லாத நாளாகப் பார்த்து, அந்த முக்குளிப்பானைக் கண்டேன். தண்ணீரில் முங்கி முங்கி மீன் பிடிக்கும், கையில் அடங்கிவிடும் பறவை. அதன் முதுகில், இறக்கைகளுக்கு நடுவிலிருந்து, வரி போட்ட மூன்று குஞ்சுத் தலைகள் எட்டிப் பார்த்தன. மூன்றையும் சுமந்துகொண்டு என் கண்ணெதிரே நீந்திப் போனது. பொரித்த பத்து நாளைக்குத்தான் குஞ்சுகள் அப்படி முதுகில் ஏறும். அந்த ஒரு படத்தை எடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் கீழே வருவதெல்லாம்.

ரோலின் வால்

ஒரு ரோலில் முப்பத்தாறு படம். கல்யாணத்தில் முப்பதைத் தாண்டும்போதே பந்தி முடிந்து ஆட்கள் பஸ் ஏறியிருப்பார்கள். மிச்சமிருக்கும் ஐந்தாறு படம்தான் என் பறவைகளுக்கும் பூக்களுக்கும். அதை ரோலின் வால் என்பேன். இதில் ஒரு கோளாறு உண்டு. மார்கழியில் கல்யாணம் கிடையாது. நேரம் இருக்கும், வால் இருக்காது. தையில் முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம். வால் இருக்கும், நேரம் இருக்காது. முக்குளிப்பானோ சரியாக இந்த இரண்டு மாதத்துக்குள்தான் குஞ்சு பொரித்துத் தொலைக்கும்.

முதல் வருஷம் ஒரு வாலில் குருட்டுக் கொக்கு ஒன்றை எடுத்தேன். ஒற்றைக் காலில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, ரொம்ப யோசனையாக நின்றது. ஏகாம்பரம் கவனிக்காமல் அதையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் ஒட்டிவிட்டான். பெண்ணின் அப்பா ஆல்பத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு முகத்தின்மேலும் விரல் வைத்து, முறை சொல்லிக்கொண்டே வந்தார். கொக்கில் வந்து விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "எங்க சைடுல இந்த மாரி யாரும் கெடையாதே. மாப்ள ஊட்டு ஆளா?"

சித்திரைக் கொன்றை

ஆவடிக் குவார்ட்டர்ஸில் ஒரு பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். வாசலில் கொன்றை, இலையே தெரியாத மஞ்சள். வாலில் ஆறு படம் மிச்சம். நான் மரத்தடியில் மண்டியிட்டதுதான் தாமதம், அந்த வீட்டு அம்மா உள்ளே ஓடிப்போய்ப் பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு வந்தார். கணவர் அவசர அவசரமாக ஷேவ் செய்துகொண்டு வந்தார். திருநெல்வேலிக்காரர்கள். பக்கத்து வீட்டு சேலத்துக் குடும்பமும் எதிர்வீட்டு மதுரைக் குடும்பமும் அவர்களோடு வந்து நின்றுகொண்டன. ஆறு படத்திலும் பதினோரு பேர். கொன்றை எங்கேயோ பின்னால்.

கொஞ்சம் தள்ளி நின்றால் மரமும் விழும் என்று கெஞ்சிப் பார்த்தேன். அடுத்த சித்திரையில் ஆசையாக மறுபடி போனபோது அந்த இடத்தில் சைக்கிள் ஷெட் இருந்தது. ஷெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அந்த அம்மா முன்பு சொன்னதுதான் ஞாபகம் வந்தது: "மரம் எங்க போயிரப் போவுது அண்ணாச்சி? எங்களுக்குல்லா அடுத்த மாசம் மாத்தல்."

வேலியில் செங்காந்தள்

கார்த்திகையில் ரயில் பாதை ஓரத்து வேலியில் செங்காந்தள் பூக்கும். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். அன்றைக்கு ஒரே மேகம். வெயில் ஒரு நிமிஷம் வந்தால் போதும் என்று முக்கால் மணி காத்திருந்தேன். வெயில் வந்தது. அதே நேரத்தில் ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணும் வந்து, கொடியை வேரோடு பிடுங்கிக் கால்வாயில் வீசிவிட்டாள். நான் போட்ட கூச்சலில் ஆடுகள்தான் மிரண்டன, அவள் மிரளவில்லை. "இது வெசம் சார். ஆடு கட்ச்சா செத்துப்பூடும். படம் புடிக்கறதுன்னா வெசம் இல்லாத பூவா பாத்துப் புடி."

மதில்மேல் மீன்கொத்தி

எங்கள் பக்கத்தில் நல்ல மரமும் நல்ல தண்ணீரும் மதில்களுக்கு உள்ளேதான் இருக்கும். மதிலுக்கு மேல் முள்கம்பி, முள்கம்பிக்கு மேல் மீன்கொத்தி. எந்த மதில் என்று சொல்லமாட்டேன். அதை நோக்கி நீள லென்ஸைத் திருப்புகிறவன் மீன்கொத்தியைத்தான் எடுக்கிறான் என்று யார் நம்புவார்கள்? காவலுக்கு நின்றவர் நம்பவில்லை. உள்ளே அழைத்துப்போய் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஓர் அதிகாரி கேமராவின் முதுகைத் திறந்து, ஃபிலிமை ஜவ்வு மிட்டாய் இழுப்பதுபோல் வெளிச்சத்தில் முழுக்க இழுத்துப் போட்டார். அவர் வேலை அது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அது மீன்கொத்தியின் ரோல் இல்லை. வால்தான் மீன்கொத்தி. தலையிலிருந்து இடுப்புவரை ஒரு கல்யாணம்.

பெண் வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு, இரவல் நகையும் அதே புடவையுமாக, மணமக்களை மறுபடி உட்கார வைத்தோம். கட்டிய தாலியை மறுபடி கட்டக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால், மாப்பிள்ளை வெறும் கையைப் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுவதுபோல் நடித்தார். பெண்ணின் அம்மா மட்டும் நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதார். எல்லாம் முடிந்து நான் கேமராவை மூடும்போது மணப்பெண் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "இந்த ரோல்ல குருவி கிருவி எதுவும் வேணாண்ணா."

புத்தம் புது ரோல்

அந்த வருஷம் மார்கழியில் இரவல் வாலே வேண்டாம் என்று எனக்கென்று ஒரு முழு ரோல் வாங்கினேன். தாங்கலில் வலை போடும் கன்னியப்பன் கூட்டைக் காட்டிக்கொடுத்தார். தண்ணீரில் மிதக்கும் பாசிக் குவியல். தாய் இறங்கும்போது முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுப் போகும். தெரியாதவன் குப்பை என்று நினைப்பான். ஒன்பது நாள் விடியும்போதே போய் நின்றேன். பத்தாம் நாள் குஞ்சுகள் முதுகில் ஏறின. அடுத்தடுத்து எடுத்தேன். முப்பத்தாறு வந்தது. முப்பத்தேழு, முப்பத்தெட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்குத் தெய்வமே நாலு படம் கூடுதலாகக் கொடுக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சக பாவிகளுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ஃபிலிமின் நுனி நாக்கு கேமராவின் சுருளில் மாட்டவே இல்லை, ஒரு படமும் பதியவில்லை. படம் நகரும்போது இடப்பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். நூறு கல்யாணத்தில் தவறாமல் பார்த்தவன் நான். அன்றைக்குப் பறவையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டறையிலிருந்து ஏகாம்பரம் வெளியே வந்து ரோலை என் கையில் வைத்தான். அவனுக்கு என் முகத்தைப் பார்க்க மனம் வரவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று சொன்னான்: "ரோலு ஏறவே இல்ல அண்ணாத்தே. புத்தம் புதுசா கீது. தை மாசம் கல்யாணத்துக்கு ஆவும்."

தை

அந்த ரோல் தைக் கல்யாணத்துக்கே ஆயிற்று. அடுத்த வருஷம் மழை தள்ளிப்போய், குஞ்சுகள் தையில் பொரித்தன. எனக்கு ஒரே வாரத்தில் அம்பத்தூரில் இரண்டு, பூந்தமல்லியில் ஒன்று, ஆவடியில் இரண்டு என்று முகூர்த்தம். எல்லாம் முடித்துவிட்டு வாலோடு தாங்கலுக்கு ஓடியபோது குஞ்சுகள் வளர்ந்து தனித்தனியாக முக்குளித்துக்கொண்டிருந்தன. கன்னியப்பன் வலையை உதறியபடி என்னைப் பார்த்தார். "பத்து நாளா புள்ளைங்கள முதுவுல ஏத்திகினு உன்னத்தான் தேடிகினு இருந்துச்சு. நீ எங்க பூட்ட?"

போகி

எத்தனையோ வருஷம் கழித்து, ஒரு போகியன்று காலையில் கிடைத்தது. ஊரெல்லாம் டயர் கொளுத்திய புகை. படம் எடுக்க உதவாத நாள் என்று திரும்பப் போனவன், பனியும் புகையும் கலந்த அந்த மங்கலில் அது வருவதைப் பார்த்தேன். முதுகில் மூன்று குஞ்சு. கலர் ஃபிலிம். குமிழ் சுற்றியது. ஒரே ஒரு படம் துல்லியமாக விழுந்திருந்தது. லேபிலிருந்து பிரிண்ட் வந்த அன்று நான் அழுதேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஏகாம்பரம் அதைப் பெரிதாக்கி, ஸ்டூடியோ ஜன்னலில் மணமக்கள் படத்தை எடுத்துவிட்டு அங்கே மாட்டினான். இன்னொரு பிரிண்டைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

மூன்று மாதம் வாத்தா, கோழியா என்று கேட்டவர்களே உண்டு. பிறகு ஒருநாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் காரிலிருந்து இறங்கி, ஜன்னல் முன்னால் வெகுநேரம் நின்றார். உள்ளே வந்து, இது எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே அவரைத் தாங்கலுக்கு அழைத்துப்போய்க் கரை முழுக்கச் சுற்றிக் காட்டினேன். பிரிண்டைச் சும்மா கொடுத்தேன், நெகட்டிவையும் கொடுத்தேன். அவர் இடுப்பில் கை வைத்துத் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்: "இம்மாம் அழகான எடத்த சும்மா போட்டு வெச்சிருக்கீங்களே சார்!"

நோட்டீஸ்

ஆறு மாதத்தில் ரயில் பெட்டிகளில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். வழவழப்பான தாளில் என் முக்குளிப்பான், இடம் வலம் மாறி அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே மனைப் பிரிவின் படம், அதற்கும் கீழே "பறவைகளோடு வாழுங்கள்". கரையோரம் மட்டும்தான் பட்டா நிலம் என்றார்கள். லாரி லாரியாக மண் கொட்டக் கொட்ட, கரை நடந்து நடந்து தாங்கலின் நடுவுக்கே வந்துவிட்டது. கன்னியப்பன் வலையைச் சுருட்டிக்கொண்டு அயனம்பாக்கத்துக்குப் போய்விட்டார். நான் யாரிடம் போய் என்ன சொல்வது? படம் என்னுடையது.

நோட்டீஸை ஏகாம்பரத்தின் மேஜையில் போட்டு, பார்த்தாயா இந்த அக்கிரமத்தை என்றேன். அவன் அதை எடுத்துப் பூப்போல மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். முகமெல்லாம் சிரிப்பு. "நானும் அர கிரவுண்டு புக் பண்ட்டேன் அண்ணாத்தே. நம்ம படம் போட்ட எடமாச்சே!"

தண்ணீர்க் கோடு

ஏகாம்பரம் அங்கே வீடு கட்டிக் குடிபோய் நான்கு வருஷம் கழித்து ஓர் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. தண்ணீருக்குத் தன் இடம் மறக்கவில்லை. அவன் வீட்டுக்குள் கட்டில் மட்டத்துக்கு நின்றது. அதிகாரிகளுக்கு மனு கொடுக்கப் படம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். பழையபடி தண்ணீருக்குள், அதே தாங்கலில், இந்த முறை ஒரு வீட்டுக் கூடத்தில் நின்றேன். கட்டிலை எடுத்தேன், மிதக்கும் அரிசி டப்பாவை எடுத்தேன், சுவரில் தண்ணீர் ஏறி இறங்கிய கோட்டை எடுத்தேன். கோட்டுக்கு ஒரு சாண் மேலே, ஃபிரேம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, என் முக்குளிப்பான் மாட்டியிருந்தது. அதை எடுக்கக் கை வரவில்லை.

ஏகாம்பரத்தின் மனைவி மல்லிகா ஜன்னல் திண்டில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கேதான் மனை வாங்க வேண்டும் என்று அடம் பிடித்தவளே அவள்தானாம். அவளிடம் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்: "நாலு வருசமா இந்த ஜன்னலாண்ட நின்னு பாத்துகினே கீறேன்ணா, ஒரு வாட்டி கூட வரல. எங்கண்ணா பூட்ச்சு அது?"

ஃபிலிம் ஏறாமல் போன அந்த மார்கழியோடு கேமராவை மூட்டை கட்டியிருந்தால் என்னிடம் படம் இருந்திருக்காது, தாங்கல் இருந்திருக்கும்.