சறுக்கி விழவில்லை

அழகனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கூரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. அந்தக் கூரையில் ஆறு டிஷ். ஆனி, ஆடியில் அக்கரப்பத்தனைப் பக்கம் அடிக்கிற காற்றுக்கு மனிதனே நிற்க முடியாது, டிஷ் எங்கே நிற்கும்? திரும்பிவிடும். டிவியில் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். "அழகா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். மழையென்றாலும் ஏறி, கையால் பிடித்து அசைத்து அசைத்து, "இப்ப தெரியுதா?" என்று மேலேயிருந்து கேட்பான். கீழே ஒன்பது பெண்கள் ஒன்றாகப் பதில் சொல்வார்கள்.

காளியாயியின் ஒரே மகன். வயது நாற்பத்தொன்று. மலையில் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிக் கழிக்கிற வேலை அது. வெட்டு சரிவாக விழ வேண்டும், பட்டை பிய்ந்தால் செடி செத்துப்போகும். அழகன் வெட்டின நிரையில் ஒரு பட்டை பிய்ந்திருக்காது. புதிதாக வருகிறவர்களை, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவே கூட்டிப்போய் அவன் நிரையைத்தான் காட்டுவார்.

காளியாயி உயிரோடிருந்தபோது மூன்று இடத்தில் பெண் பார்த்தாள். மூன்றுக்கும் அவன் வேண்டாம் என்றான். பிறகு அவளும் விட்டுவிட்டாள். பொகவந்தலாவைக்காரன் சுதாகரன், ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர், லீவு நாட்களில் வருவான். பதினொரு வருடமாக வருகிறான். வரும்போது மீன் வாங்கி வருவான். இரண்டு பேரும் சமைப்பார்கள், கேரம் ஆடுவார்கள், சாயங்கால பஸ்ஸுக்கு அவன் போய்விடுவான். எங்களுக்குத் தெரியாதா? தெரியும். கூட்டாளி என்று சொல்வோம். அந்தச் சொல் எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

அப்புறம் அந்த நாடகம் வந்தது.

என் வீட்டு டிவி பெரியது. கொழும்பில் கடையில் நிற்கிற மகன் வாங்கித் தந்தது. ஏழரைக்கு நாடகம் என்றால் ஏழுக்கே பாய் நிறைந்துவிடும். அழகன் வாசல்படியில் உட்காருவான், படம் உடைந்தால் ஓட வசதியாக. அன்றைக்கு நாடகத்தில் கதாநாயகியின் தம்பிக்கும் இன்னொரு பையனுக்கும் பழக்கமிருப்பது வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. தாய்மாமன் இடுப்புப் பெல்ட்டை உருவினார். ஓர் அடிக்கு மூன்று தடவை காட்டினார்கள். இடி இடித்தது. ஒவ்வொருத்தர் முகமாகக் காட்டினார்கள், அம்மா முகத்தைப் பதினொரு தடவை. அடி வாங்குகிறவன் முகத்தை ஒரே ஒரு தடவை.

"மாமன் செய்யிறது சரிதான். குடும்ப மானம் என்னாவுறது?" என்றாள் பக்கத்து வீட்டு நிஷாந்தி.

நானும் சொன்னேன். "நாலு சாத்து சாத்துனாத்தான் புத்தி வரும்" என்று சொன்னேன். இதை எழுதுகிற என் பேத்தி கிருஷாந்தி, இது வேண்டாம் அப்பாயி என்கிறாள். இருக்கட்டும், கோடு போட்டு அடிக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்துப் படம் உடைந்தது. அழகன் எழுந்து கூரையில் ஏறினான். தகரத்தில் அவன் காலடி கேட்டது. "இப்ப தெரியுதா பெரியம்மா?" என்று கேட்டான். தெரியுது என்றேன். மாமன் பெல்ட்டை ஓங்கினது சுத்தமாகத் தெரிந்தது.

தலைவர் நல்லமுத்துவின் மகன் துஷாந்த் தன் அம்மாவைக் கூப்பிட வந்து ஜன்னலோரம் நின்றிருந்தான். தோட்டத்துச் சங்கத் தலைவரின் மகன். நான் சொன்னதை அவனும் கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம். சுதாகரனை பஸ் ஏற்றிவிட்டு அழகன் குறுக்குப் பாதையில் திரும்பி வந்துகொண்டிருந்தான். நான் மேல் மலையில் மிலாறு பொறுக்கிக் கட்டித் தலையில் வைத்து இறங்கிக்கொண்டிருந்தேன். கவ்வாத்து வெட்டிக் கிடக்கிற தேயிலைக் கிளையைத்தான் மிலாறு என்போம், அடுப்புக்கு அதுதான். மூன்று பேர் அவனை மறித்து நின்றார்கள். அவர்கள் கையிலும் மிலாறு.

"மாமன் அடிச்சுத் திருத்துனாரில்ல, இன்னைக்கி நாங்க திருத்துறோம்" என்றான் துஷாந்த். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள்.

விறகைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே இறங்கினேன். வழுக்குகிற பாதை, என் கால் எனக்குச் சொந்தமில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நாடகத்தில் விளம்பரம் போடுகிற நேரம்கூட ஆகியிருக்காது. இடி இல்லை, பாட்டு இல்லை. பச்சை மரம் எலும்பில் படுகிற சத்தம் மட்டும். ஓடிவிட்டார்கள். வலது கை ஒடிந்து தொங்கியது. இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன.

ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். "என்ன நடந்தது?" என்று டிஸ்பென்சரி ஐயா கேட்டார்.

"மலையில சறுக்கி விழுந்துட்டான் ஐயா" என்றேன்.

ஏன் சொன்னேன்? எங்களிடம் அது பழக்கம். கால் வெட்டுப்பட்டாலும், குளவி கொட்டினாலும், அவரவர் அடுப்படியில் விழுந்தாலும், மலையில் சறுக்கியதாகத்தான் சொல்வோம். வேலையில் பட்ட அடி என்று எழுதினால்தான் படுத்துக்கிடக்கிற நாளுக்கும் பேர் விழும். பேர் விழுந்தால்தான் சம்பளம். என் அம்மா அப்படிச் சொன்னாள், நான் நாற்பது வருடம் அப்படிச் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவனுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஐயாவுக்கும் தெரியும், விழுந்தவன் முகம் அப்படி இருக்காது என்று. அவரும் எழுதிவிட்டார். அந்தத் துண்டுச் சீட்டைப் பார்த்து ஆஸ்பத்திரியிலும் அதையே எழுதினார்கள்.

மூன்றாம் நாள் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். நேரே என் வீட்டுக்குத்தான் வந்தான். உட்காரவில்லை.

"பெரியம்மா, நான் விழுந்தேனா?"

"ஒனக்கு நாள் தவறக் கூடாதுன்னுதான்டா சொன்னேன்."

"தெரியும். நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். இப்ப பொலிசுக்குப் போயிட்டுத்தான் வாறேன். துண்டப் பாத்துட்டு, விழுந்தவன் எதுக்கு இங்க வாறன்னு கேக்குறாங்க."

"கைதான் ஆறிடுமே. விட்டுடேன்டா."

"விழுந்தவன் திருப்பியும் விழுவான் பெரியம்மா. யாரும் கேக்க மாட்டாங்க. சுதாகரன் இந்தப் பாதையிலதான் வரணும். வராதன்னு போன்ல சொல்லிட்டேன். எத்தன நாளைக்கிச் சொல்றது?"

அவன் கேட்டது அவ்வளவுதான். அடித்தார்கள் என்று ஒரு வரி எழுதப்பட வேண்டும். பார்த்தவள் நான் ஒருத்தி. பொய் சொன்னவளும் நான் ஒருத்தி. யோசிக்கிறேன் என்றேன். அவன் போன பிறகு அடுப்பை ஊதினேன், தண்ணீருக்குப் போனேன், குடத்தைப் பீலியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

நாடகம் மட்டும் நிற்கவில்லை. அந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். நெற்றியில் வெள்ளைக் கட்டு, அதில் அளவாக ஒரு சிவப்புப் பொட்டு. வாசல்படியிலிருந்து அழகன் சிரித்தான். "கட்டப் பாருங்க. கண்ணு ரெண்டும் நல்லாத் திறந்திருக்கு. தலகூட சீவி விட்டிருக்காங்க." யாரும் சிரிக்கவில்லை. மாமன் அழுதுகொண்டே வந்து காலைப் பிடித்தார். "பாசத்துலதானே மாமா அடிச்சீங்க" என்றான் தம்பி. எங்கள் பாயில் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். துஷாந்தின் அம்மாவும் துடைத்தாள். அங்கே வாசலில் கை ஒடிந்து உட்கார்ந்திருந்தவனை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நானும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டு நாளில் அந்தத் தம்பியை பிளேனில் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாடகத்தில் அவன் பேரையே எடுக்கவில்லை.

"டிக்கெட்டு யாரு போட்டது?" என்றான் அழகன். "நமக்கும் போட்டுத் தருவாங்களான்னு கேளுங்க."

மறுநாள் பகலில் தலைவர் நல்லமுத்து என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"பூரணியக்கா, நாடகத்துலயே பாத்தீங்க. சமாதானமாப் போனா எவ்வளவு அழகா முடியுது. ஞாயித்துக்கெழம கோயில்ல வச்சுப் பேசி முடிச்சிருவோம். பயல் கால்ல விழுவான்."

"அழகன் பொலிசுல எழுதணுங்கிறானே தலைவரே."

"எழுதட்டும். நீ யாரு, அந்த கண்டக்டர் யாருன்னு அவனையுந்தான் கேப்பாங்க. அந்தப் பழக்கத்துக்கு நம்ம சட்டத்துல தண்டன இருக்கு. வயசுல பெரியவங்க, நீங்கதான் எடுத்துச் சொல்லணும்." எழுந்துகொண்டே, "புது வீட்டு லிஸ்டு அடுத்த வாரம் போகுதுக்கா. ஒங்க மகன் பேரும் அதுல இருக்கு" என்றார்.

என் மகன் பேர் அந்த லிஸ்டில் ஏற ஏழு வருடமானது. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். அந்த ஞாயிறு வரைக்கும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். பாதையில் அழகனைப் பார்த்தால் வேறு பக்கம் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் கூட்டம். திருவிழாவுக்கு வருவதுபோலப் பெண்கள் நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். கற்பூரம் கொளுத்தினார்கள். துஷாந்த் வந்து அழகன் காலில் விழுந்தான். நிஷாந்தி முந்தானையை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள். எல்லாரும் அழகன் முகத்தையே பார்த்தார்கள். நாடகத்தில் அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத்தான் தெரியுமே. அவன் ஒரு வார்த்தை சொன்னால் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"எந்திரி தம்பி" என்றான் அழகன். பிறகு தலைவர் பக்கம் திரும்பினான். "எனக்குக் கோவம் இல்லீங்க தலைவரே. ஆனா நான் சறுக்கி விழுந்தேன்னு எழுதியிருக்கு. நான் விழலன்னா எழுதியிருக்கிறத மாத்துங்க. விழுந்திருந்தா, இவன் எதுக்கு ஏங் கால்ல விழுறான்?"

கற்பூரம் மட்டும் எரிந்தது.

"பாத்த சாட்சி யாரு இருக்கா?" என்றார் தலைவர். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். லிஸ்டு என்று வாயால் சொல்லவில்லை.

எனக்கு வயது அறுபத்தெட்டு. முழங்கால் வலி. எழுந்து நிற்க நேரமெடுத்தது. "நான் பாத்தேன்" என்றேன். "அடிச்சது இவனும் இன்னும் ரெண்டு பேரும். சறுக்கி விழுந்தான்னு சொன்னது நான். அது பொய். அதுக்கு முன்னாடி அடிச்சாத்தான் புத்தி வரும்னு சொன்னதும் நான்தான். இந்தப் பய அதக் கேட்டுட்டு நின்னான்."

"பெரியம்மா, அது நாடகத்தப் பாத்துச் சொன்னது" என்றாள் நிஷாந்தி.

"அழகன் வாசல்ல இருந்தானேடி" என்றேன்.

திங்கட்கிழமை அழகனும் நானும் பஸ் ஏறி பொலிசுக்குப் போனோம். காலையிலிருந்து மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு லீவு. எழுதுகிறவர் சிங்களத்தில்தான் கேட்டார். டிஸ்பென்சரித் துண்டை என் முன்னால் வைத்து, "ஆச்சி, மெயா வெட்டுனாத?" என்றார். இவன் விழுந்தானா என்று.

கடைத்தெருவில் பேசுகிற சிங்களம் எனக்குப் போதும். "வெட்டுனே நே மாத்தையா. கெஹுவா" என்றேன். விழவில்லை, அடித்தார்கள்.

பிறகு நீங்கள் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். எங்கள் பேர் விழுகிற கதையைச் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், திரும்ப எடுத்து எழுதினார். எழுதி முடித்து, கைநாட்டு வைக்கத் தாளைத் தள்ளினார். நான் வைக்கவில்லை. ஒரு பொய்யை எழுத வைத்தது போதாதா, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையும் வைப்பதா? வாசித்துக் காட்டச் சொன்னேன். அவர் வாசித்த வேகத்துக்கு எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தமிழில் சொல்லச் சொன்னேன். சிங்களம் வாசிக்க அழகனுக்கும் தெரியாது. எழுதினவர் சலித்துக்கொண்டு, வெளியே யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள் என்றார்.

வெளியே ரோட்டின் அந்தப் பக்கம் சுதாகரன் நின்றிருந்தான். கழுத்தில் டிக்கெட் மெஷின் தொங்கியது, பஸ்ஸை இன்னொருத்தனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறான். காலையிலிருந்தே அங்கேதான் நின்றானாம். உள்ளே வராதே என்று அழகன் சொல்லியிருந்தான். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். இரண்டு அடி வைத்தான், நின்றான். பிறகு ரோட்டைத் தாண்டி வந்தான்.

மேசைக்கு முன்னால் அழகனுக்குப் பக்கத்தில் நின்று தாளைக் கையில் வாங்கினான். "மூன்று பேர் தடியால் அடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று தமிழில் சொன்னான்.

"இன்னொருக்கா வாசி" என்றேன். வாசித்தான். அழகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தேன்.

எழுதினவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு சுதாகரனை மேலும் கீழும் பார்த்தார். "மே கவுத?" என்று அழகனிடம் கேட்டார். இது யார் என்று.

தலைவர் சொன்ன கேள்வி அதுதான். அழகன் ஒடிந்த கையின் கட்டைச் சரிசெய்தான். சுதாகரன் தாள் இருந்த இடத்தையே பார்த்தான். சுவரில் மின்விசிறி சுற்றுகிறது, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள்.

"அபே கெனெக் மாத்தையா" என்றேன். எங்கள் ஆள் என்று.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.