ரேடியோவுக்கு வாழி பாடிய மைனி

நான் பிறந்த வீட்டின் பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், டிவி மாட்டியிருக்கிற சுவரில் ஒரு துளை இருக்கிறது. டிவிக்கான கேபிள் பின்னறையிலிருந்து அதன் வழியாகத்தான் வருகிறது. ஒரு கேபிளுக்கு அவ்வளவு பெரிய துளை தேவையில்லை. ஒரு தேங்காயையே உருட்டி விடலாம். வெள்ளையடிக்கும்போதெல்லாம் அண்ணன் மகன் அதைச் சிமென்ட் வைத்து அடைக்கப் பார்ப்பான். நான் விடுவதில்லை. கட்டிக்கொடுத்துப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சுவரில் என்ன அதிகாரம் என்று கேட்டால், இந்தத் துளை மட்டும் என் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அது என் மைனி போட வைத்த துளை.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம். அவள் கல்யாணமாகி வந்த மறு வருஷம் எங்கள் வீட்டுக்கு ரேடியோ வந்தது. எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேராமல் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம் அது. கொட்டாரம் என்ற ஊருக்குப் பக்கத்தில், சுற்றிலும் வயலாகக் கிடந்த எங்கள் ஊருக்கு அப்போது கரண்ட் வரவில்லை. ரேடியோ பேட்டரியில்தான் ஓடும். பேட்டரி தளர்ந்தால் அண்ணன் அதைச் சைக்கிளில் கட்டி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வருவான். புறவாசலில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஏரியல் கம்பி இழுத்து, அதைப் பின்னறை வழியாகப் பட்டாசலுக்குக் கொண்டுவரச் சுவரில் துளை போட்டார்கள். கொத்தனாருக்குக் காப்பி கொண்டுபோன சாக்கில் மைனி, "கம்பி உரசினா பாட்டு கரகரங்குமாம். நல்லா அகலமாப் போடும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கொத்தனாருக்கு ரேடியோவைப் பற்றி ஒன்றும் தெரியாது. மைனிக்கும்தான் தெரியாது. ஆனால் பட்டாசலில் ஆண்கள் உட்கார்ந்தால் பெண்கள் அங்கே உட்கார முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படித்தான் நடந்தது. சாயங்காலமானால் தெரு ஆண்கள் எல்லாம் பட்டாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். தெருப் பெண்கள் எல்லாம் பின்னறையில். ரேடியோ சரியாகத் துளைக்கு முன்னால் இருந்ததால் எங்களுக்குச் செய்தியும் கச்சேரியும் பின்பக்கமாக, கொஞ்சம் கனத்த குரலில் கேட்கும். ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தது ரேடியோவின் முகத்தை, நாங்கள் பார்த்தது அதன் முதுகை. மைனி இல்லையென்றால் அதுவும் கிடைத்திருக்காது.

மைனியின் அண்ணன் வில்லுப்பாட்டுக்காரர். கோயில் கொடை விழாக்களில் விடிய விடியப் பாடுகிறவர். பாட்டைக் கேட்கப் பிடித்த எங்கள் அப்பாவுக்கு அந்த வீட்டுச் சம்பந்தம் அவ்வளவு பிடித்தமில்லை. "வில்லடி கோயில் முத்தத்துல கேக்கக் கொள்ளாம், சம்பந்தம் வச்சுக்கிட ஒக்காது" என்று கல்யாணத்துக்கு முன்பு சொன்னவர், பிறகும் அவ்வப்போது சொல்லிக் காட்டுவார். மைனி காது கேட்காதது மாதிரி அரிசி களைந்துகொண்டிருப்பாள். இந்த நிலையில்தான் அவள் அண்ணனுக்கு ரேடியோவில் பாட அழைப்பு வந்தது. அரை மணி நேரம், அம்மன் கதை. அப்பா முதல் தடவையாகத் தெருவில் நின்று "நம்ம சம்பந்தக்காரன்" என்று பேசினார். மைனிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "ஏட்டி, எங்க அண்ணன் நல்லாப் பாடிட்டாம்னா இந்த வீட்டுல எனக்கும் ஒரு மதிப்பு உண்டு. எங்கயாவது பிசகிட்டுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடமாடுவேன்?" என்றாள் என்னிடம்.

பாட்டு ஒலிபரப்பான அன்றைக்குப் பட்டாசலில் கால் வைக்க இடமில்லை. கோயில் காரியங்களை அப்பாதான் பார்த்துவந்தார். அம்மன் கதை என்றதும் யாரோ ரேடியோ முன்னால் குத்துவிளக்கை ஏற்றி, பழம் வெற்றிலை வைத்துவிட்டார்கள். பாட்டுத் தொடங்கியது. பிள்ளையாருக்குக் காப்பு, குருவுக்கு வணக்கம், சபைக்கு வணக்கம், நாலு திசைக்கும் வணக்கம். விடிய விடியப் பாடிப் பழகிய மனுஷனுக்கு அரை மணி என்றால் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? அவர் நிதானமாகக் கும்பிட்டு முடித்து, அம்மனை மலையிலிருந்து இறக்கி, ஊர் எல்லைக்குக் கொண்டுவந்து, குடியிருக்க ஓர் இடம் கேட்டு நிற்க வைத்தார். பின்னறையில் நாங்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டோம். அந்த நேரம் பார்த்து அரை மணி முடிந்து, உடுக்குச் சத்தம் தேய்ந்து மறைந்தது. ஒருவர் நன்றி சொன்னார். அடுத்து மலையாளத்தில் செய்தி.

பட்டாசலில் ஒருவரும் அசையவில்லை. வில்லுப்பாட்டில் தெய்வத்தை அழைத்துவிட்டால் அதற்கு ஓர் இருப்பிடம் கொடுத்து, வாழி பாடி முடித்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். அதற்கு முன் எழுந்தால் ஊருக்கு ஆகாது. "அம்மைய எல்லைல நிக்க வச்சுக்கிட்டு எப்பிடிவே எந்திரிக்கது?" என்றார் ஒருவர். இன்னொருவர் அவசரமாக ரேடியோவின் குமிழைத் திருகினார். திருச்சியில் நாகசுரம் வந்தது, இலங்கையில் சினிமாப் பாட்டு வந்தது, அம்மனை எங்கேயும் காணோம். "சம்பந்தக்காரன் இப்பிடிக் கழுத்தறுத்துட்டானே" என்று ஒரு குரல். அப்பாவின் முகம் கறுத்துப் போனதை நான் துளை வழியாக, ரேடியோவின் ஓரமாகப் பார்த்தேன். திரும்பி மைனியைப் பார்த்தேன். அவள் கண் நிறைந்திருந்தது. சட்டென்று முந்தானையால் துடைத்துக்கொண்டு துளைக்கு வாயைக் கொடுத்தாள்.

"மாமா, மிச்சத்த நான் பாடட்டா?"

ரேடியோவுக்குப் பின்னாலிருந்து பெண் குரல் வந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கைகூப்பிவிட்டார். அம்மனே பேசிவிட்டாள் என்று நினைத்தார் போலிருக்கிறது. அப்பாவுக்குக் குரல் அடையாளம் தெரிந்தது. துளைப் பக்கமாகக் குனிந்தார்.

"ஒனக்குத் தெரியுமா மக்களே?" என்றார், பெற்ற மகளைக் கூப்பிடுகிற மாதிரி.

"சின்னதுலேருந்து வீட்டுல அண்ணனுக்கு நாந்தான் பின்பாட்டு, மாமா."

"அப்பம் அங்க நின்னு பாடண்டாம். இங்க வந்து இரி."

ஆண்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். மைனி விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் ஒரு வெறுங்குடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளங்கையால் அதைத் தட்டித் தாளம் பிடித்து, தன் அண்ணன் விட்ட அடியிலிருந்தே எடுத்தாள். முதலில் குரல் நடுங்கியது. அம்மன் ஊருக்குள் நுழைந்தபோது நடுக்கம் போய்விட்டது. வேம்படியில் அம்மனை இருத்தி, ஊருக்கு வாழி, வயலுக்கு வாழி, கேட்டவர்களுக்கு வாழி என்று பாடி, கடைசியில் கொஞ்சம் யோசித்து, பாட்டுக் கொண்டுவந்த பெட்டிக்கும் ஒரு வாழி சொல்லி முடித்தாள். பட்டாசலே குரவையால் அதிர்ந்தது. ஆம், பெண்கள் எல்லோரும் எப்போது பின்னறையை விட்டு வந்தோம் என்று எங்களுக்கே தெரியாது. எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை, பிற்பாடு என் பிள்ளைகள் பெரிய படிப்புப் படித்தபோதுகூட வந்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் மைனி நேராக வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். தெரு ஆண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் அவள் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வந்தபோது அப்பா, "நீரு எல்லைல விட்டுட்டுப் போனீரு, எம் மருமவ கொண்டு போயி இருத்திட்டா" என்றார். 'எம் மருமவ' என்பதை ஊருக்கே கேட்கும்படி சொன்னார். மைனி அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இந்தத் தடவை காது கேட்காதது மாதிரி இருக்க அவளால் முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

இப்போது கோயில் கொடைக்கு நான் போகும்போது, அதே பட்டாசலில் பெண்கள் சோபாவில் சாய்ந்து சீரியல் பார்க்கிறார்கள். கிரிக்கெட் பார்க்க வேண்டுமென்றால் ஆண்கள்தான் வந்து கெஞ்ச வேண்டும். அதைப் பார்க்க மைனி இல்லை. தினமும் யாராவது ஒரு மருமகள் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நிற்கும்போது 'தொடரும்' என்று போட்டுவிடுகிறார்கள். எல்லோரும் அவளை அப்படியே நிற்க வைத்துவிட்டுச் சாப்பிட எழுந்து போகிறார்கள். என்னால் முடிவதில்லை. டிவியின் ஓரத்தில் தெரிகிற துளையைப் பார்த்துக்கொண்டு, நின்றவளை மனசுக்குள் வீட்டுக்குள் அழைத்து இருத்தி, ஊருக்கு வாழி, பெட்டிக்கு வாழி, என் மைனிக்கு வாழி என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.