வேண்டாத வீட்டுக்குத் தண்ணீர்

சாளை வாங்குவதா அயிலை வாங்குவதா என்பதைக்கூட என் அம்மா பரிசுத்த ஆவியானவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வாள். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்து முனைக்கு மீன்காரர் வந்து நின்றதும், கூடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வாள். பள்ளுருத்தியில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு வந்த வழக்கம் அது. சின்னக் காரியமானாலும் அவரைக் கேட்டுச் செய்யுங்கள் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

மீன்காரருக்கு இது பழகிப்போனது. "சேச்சி, தெய்வம் எந்து பறஞ்ஞு?" அக்கா, தெய்வம் என்ன சொன்னது என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவார். ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கு மட்டும் பழகவில்லை. தூத்துக்குடியை விட்டு இவ்வளவு தூரம் வந்தும் ஆவியானவருக்கும் அம்மாவுக்கும் ஒரே மீன்தான் பிடிக்கிறது, அதுதான் ஆச்சரியம் என்பார்.

நாங்கள் குடியிருந்தது பழைய மிளகுக் கிடங்கு ஒன்றின் பின்னால் இருந்த வரிசை வீடுகளில். எல்லா வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே குழாய். விடிந்ததும் தண்ணீர் வரும், பள்ளிக்குக் கிளம்புவதற்குள் நின்றுவிடும். கடைசி வீட்டில் ஒரு மலையாளி சேச்சி தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார். மகன் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டினான், எப்போதாவது வருவான். அந்த சேச்சி சண்டை போடாத வீடு எங்கள் வரிசையில் கிடையாது. எங்களோடு போட்டது கொஞ்சம் பெரிய சண்டை. முறை தப்பி வைத்துவிட்டாள் என்று அம்மாவின் குடத்தை எட்டி உதைத்துச் சாக்கடையில் தள்ளி, இந்தத் தமிழ்ப் பாண்டிகள் வந்துதான் ஊரில் தண்ணீரே இல்லாமல் போயிற்று என்று எல்லோரும் கேட்கக் கத்தினார். அம்மா குடத்தை எடுத்துக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அதன்பின் அந்தக் கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் சேச்சி குழாயடிப் பாசியில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டு, ஊன்றிக்கொள்ள ஒரு தடியும் கொடுத்து மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். வரிசையில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அம்மா எங்கள் குடத்தைக் குழாயடியிலிருந்து தூக்கியவள் அப்படியே நின்றாள். கண்ணை மூடினாள். முகம் சுருங்கியது, வேப்பெண்ணெய் குடித்தவள் போல. பிறகு குடத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவராமல் கடைசி வீட்டுப் படியில் கொண்டுபோய் வைத்தாள்.

அப்பா சாயாவை வைத்துவிட்டு எழுந்தார். "ஏட்டி, ஒன் ஆவியானவருக்கு வேற வீடே கெடைக்கலையா?"

"நானும் அதத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. அந்த வீடுதான்."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி வீட்டுக் கதவு திறந்தது. தடியின் முனை வெளியே வந்தது. குடத்தை ஒரு தள்ளு. தண்ணீர் படிகளில் இறங்கி ஓடியது. அம்மா போய்க் குடத்தை எடுத்துவந்து, குழாயடி வரிசையின் கடைசியில் மறுபடி வைத்துக் காத்திருந்தாள்.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். அம்மா வைப்பாள், தடி தள்ளும். நல்ல தண்ணீரை மண்ணில் கொட்டுகிறாளே என்று மற்ற வீட்டுப் பெண்கள் சேச்சியை விட்டுவிட்டு அம்மாவைத் திட்டத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் தண்ணீர் குறைந்தது. அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். பள்ளிக்கூடத்துச் சீருடையைத் துவைக்க முடியாமல் ஒருநாள் கறையோடு போனேன். விட்டுவிடும்மா என்று நான் கெஞ்சியபோது, ஆவியானவர் போதும் என்று சொல்லட்டும், விடுகிறேன் என்றாள். அவள் கைகளில் குடத்தின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

ஒருநாள் காலை நானும் அம்மாவோடு போயிருந்தபோது கதவு முழுதாகத் திறந்தது. தடியைப் பிடித்துக்கொண்டு சேச்சி வாசலில் நின்றார். தலைமுடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் குரல் பழைய குரல்தான்.

"எந்தா நினக்கு வேண்டது? ஞான் சாகுந்நது காணணோ?" நான் சாவதைப் பார்க்க வேண்டுமா உனக்கு என்று கேட்டார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெபக்கூட்டத்தில் சொல்லிக்கொடுத்த வார்த்தை எதையாவது அம்மா சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் வேண்டாம் சேச்சி. எனக்கு உங்களப் பிடிக்கவே இல்ல. ஆனா உங்களுக்குத் தண்ணி வேணும்லா?"

சேச்சி அம்மாவையே பார்த்தார். இந்தச் சந்தில் அவரிடம் யாரும் அப்படி முகத்துக்கு நேராக உண்மை பேசியிருக்க மாட்டார்கள். மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். பிறகு நகர்ந்து வழிவிட்டார்.

"அது அவிடெ வைக்கண்டா," அங்கே வைக்காதே என்று உள்ளேயிருந்து அதட்டினார். "அடுக்களயில் வை. குடம் நல்லோணம் கழுகியோ?"

"கழுவிட்டேன்," என்றாள் அம்மா, அதே எரிச்சலோடு.

மாவுக்கட்டு பிரிக்கும்வரை அம்மா தண்ணீர் கொண்டுபோனாள். தலை வாரிவிட்டாள், கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இருவரும் சிநேகிதிகள் ஆகவில்லை. கஞ்சியில் உப்பில்லை என்று சேச்சி சொல்லாத நாளில்லை. அந்தப் பழைய சண்டையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சேச்சி நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், குழாயடிக்கு முதலில் வந்துவிட்டு, தன் குடத்தை நகர்த்தி அம்மாவின் குடத்துக்கு இடம் விட்டார். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக இருந்தது. ஒரு மாலை அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கும்போது கேட்டேன்: "சேச்சி வீட்டுக்குப் போகச் சொன்னது ஆவியானவர்தான்னு ஒனக்கு எப்படிம்மா தெரியும்? ஒன் மனசு சொன்னதா இருந்தா?"

"எம் மனசா?" என்றாள் அம்மா. "எம் மனசு, அவ இன்னொரு காலையும் ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும்னுல்லா சொல்லிச்சு. தெனமும் சொல்லிச்சு."

அம்மா வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்காமல் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தாள். ஏன் சிரிக்கவில்லை என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.