மேல்வலையின் முடிச்சுகள்

என் கணவர் அரசு அலுவலகத்தில் கோப்புக் கட்டியே ஓய்வு பெற்றவர். வீட்டில் எதைக் கட்டினாலும் அந்தக் கட்டுதான். காற்று இழுக்க இழுக்க இறுகும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் இரும்புக் குழாய் நட்டு, பச்சை நிழல்வலை போர்த்தி, காய்கறிக்கென்று ஒரு குடில் அமைத்திருந்தார். பங்குனி பிறந்தால் நம்மூர் வெயிலுக்கு ஒரு வலை காணாது என்று அதன்மேல் இன்னொன்றை விரிப்பார். நைலான் கயிற்றில் பதினாறு முடிச்சு. ஆடிப்பெருக்கு முடிந்ததும் அவிழ்த்து மடித்துவிடுவார். ஒத்தாசைக்குப் போனால், "நீ அதுல கை வைக்காத, நான் பாத்துக்கறேன்" என்பார். எனக்கென்ன வந்தது என்று நானும் இறங்கிவிடுவேன்.

போன வருஷம் ஆனியில் அவர் போய்விட்டார். மேல்வலை அப்படியே கிடந்தது.

மாத்திரை டப்பாவில் ஒரே ஒரு பொட்டலம் விதை மிச்சமிருந்தது. அவர் வருஷா வருஷம் விதையெடுத்துக் காப்பாற்றிவந்த நாட்டுத் தக்காளி. மடிப்பு மடிப்பாக, ரசத்துக்கென்றே பிறந்த புளிப்போடு இருக்கும். எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. வைத்திருந்தால் முளைப்பு போய்விடும் என்று பயந்து, ஆவணியில் அத்தனையையும் விதைத்தேன். பதினோரு செடி தேறியது.

என்னமாய் வளர்ந்தன! ஐப்பசியில் என் தோளைத் தொட்டுவிட்டன. பெங்களூரில் இருக்கும் மகனிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன். ஆனால் தண்டெல்லாம் நூலாக, இலையெல்லாம் வெளிறி. பூத்த நாலு பூவும் உதிர்ந்தது. உரம் வைத்தேன், இன்னும் உயர்ந்தன. வெட்கமாயில்லையா என்று செடிகளைத் திட்டினேன். அன்று முழுக்க நான் வாய் திறந்து பேசியது அவற்றிடம்தான்.

ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, பஸ் பிடித்து மலைக்கோட்டைக்குக் கீழே இருக்கும் விதைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மேலே என்ன போட்டிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ரெண்டு வலையா? வெளிச்சத்தத் தேடித்தாம்மா செடி இப்படி ஓடுது. மேல்வலைய எடுத்துடுங்க, இல்லன்னா ஒரு காய்கூடப் பிடிக்காது."

ஏன் இன்னும் எடுக்கவில்லை என்றும் கேட்டார். வீட்டில் ஆளில்லை என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் என் கணவர்மேல் கோபம் கோபமாக வந்தது. கட்டத் தெரிந்த மனுஷர் அவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? மூன்று நாள் மாடிக்கு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். அவர் சட்டைகளைக் கொடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அந்தப் பதினாறு முடிச்சும் அவர் விரல் போட்டது, போட்டபடியே இருந்தது. வீட்டில் அப்படி வேறொன்றும் இல்லை.

நாலாம் நாள் விதை ஜெயித்தது. கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை. நாற்காலி போட்டு ஏறி, கோணி ஊசியால் நெம்பி நெம்பி, ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். வாய்விட்டே அழுதேன். மொட்டைமாடியில் யார் கேட்கப் போகிறார்கள்?

மழை நாட்கள் போய் மார்கழியில் பூ உதிராமல் நின்றது. தையில் ஏழு பழம். அவர் வழக்கப்படி முதல் பழத்தை விதைக்கு விட்டேன். சாம்பலில் பிசறி, செய்தித்தாளில் உலர்த்திப் பொட்டலம் கட்டினேன். அடுத்ததில் ரசம் வைத்தேன். அதே புளிப்பு. இரண்டு முறை ஊற்றிச் சாப்பிட்டேன்.

இப்போது பங்குனி. புதுவிதையில் முளைத்த நாற்றுகள் பத்து மணிக்கே தலை தொங்குகின்றன. மேல்வலை வேண்டும். மூன்று தரம் கட்டிவிட்டேன். மூன்று தரமும் சாயங்காலக் காற்றுக்கு நழுவிவிட்டது. கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு மடித்துப் பார்க்கிறேன், சுற்றிப் பார்க்கிறேன், வரவில்லை. பதினாறையும் என் கையால்தான் அவிழ்த்தேன். கண்ணை நீர் மறைத்ததில், அவர் எப்படிப் போட்டிருந்தார் என்று ஒன்றைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை.